குழாயடிக் கல்

சாம்பியன் ரீப்ஸ்,
3 ஜூன் 2024

அன்புள்ள மாலாவுக்கு,

ஐடா எழுதுகிறேன். எந்த ஐடா என்று கேட்டுவிடாதே. உன் பக்கத்து வீட்டு ஐடா. இந்தப் பக்கம் நான் மிளகாய் வறுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவாயே, அந்த ஐடா. ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் உன் சித்தி மகளைப் பார்த்தேன். அவள்தான் விலாசம் கொடுத்தாள், போன் நம்பரும் கொடுத்தாள். முப்பத்தேழு வருஷம் கழித்து ஒரு ஹலோவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதம் என்றால் பிடிக்காததைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு காகிதம் எடுக்கலாம். ஏற்கெனவே ரெண்டு கிழித்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பழைய தங்கச் சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ரோட்டோரம் எல்லாம் நினைவுக் கல் நடுகிறார்கள். இடுப்பு உயரக் கருங்கல். இன்னார் இங்கே வாழ்ந்தார், இன்னது இங்கே இருந்தது என்று கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுத்து. நம் லைன் வீடுகளில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா வீட்டு முன்னால் ஒன்று நட்டார்கள். பாலகாட் போகிற வழியில் குத்துச்சண்டைக்காரர் வீட்டு முன்னால் ஒன்று, அதில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள். இந்த வேலைக்கெல்லாம் முன்னால் நிற்பவன் உதய். பிரஸ் வைத்திருக்கிறான். நல்லவன்தான், வாயைத் திறந்தால் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி பேசுவான்.

அடுத்த கல், சுரங்கத்துக்குள் இறங்குகிற நம் ஷாஃப்ட் கேட்டுக்கு. பாறை வெடித்த அந்த ராக் பர்ஸ்ட்டில் உள்ளே மாட்டி, மேலே கொண்டுவரவே முடியாமல் போன ரெண்டு பேருக்கு. ஆஸ்டின், காத்தவராயன். என்னவர், உன்னவர். வீட்டார் சம்மதம் இல்லாமல் பெயர் போடமாட்டார்களாம். நான் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டேன். உன்னவருக்கு நீதான் சொல்ல வேண்டும்.

எனக்கு இது வேண்டும் மாலா. காலிப் பெட்டியைப் புதைக்க வேண்டாம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன், அதனால் அவருக்குக் கல்லறை இல்லை. நவம்பர் ரெண்டாம் தேதி ஊரே மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும்போது நான் ஒருத்தி பூட்டின ஷாஃப்ட் கேட்டுக்குப் போகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவரைக் கீழே இறக்கின துருப்பிடித்த சக்கரம், இந்தப் பக்கம் நான். அவர் பெயர் எழுதின ஓர் இடத்தில் ஒரு வத்தியாவது ஏற்றிவிட்டுச் சாக வேண்டும்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி நடுகிறார்கள். பெயருக்கும் சம்மதம் எழுது, நீயும் வா. தண்ணீர் இப்போதும் வாரத்தில் ரெண்டு நாள்தான். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் யாராவது நிரப்பி வைக்கிற வழக்கம் மாறவில்லை. ஆனால் உன்னை மாதிரி தளும்பாமலிருக்க வேப்பிலை போட்டு வைக்கிறவள் ஒருத்தியும் இல்லை.

இப்படிக்கு,
ஐடா


துமகூரு,
14 ஜூன் 2024

மதிப்புள்ள ஐடாக்காவுக்கு மாலாவின் வணக்கம்.

கவரில் சாம்பியன் ரீப்ஸ் என்று பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தமிழ் எழுதி ரொம்ப நாளாயிற்று. வீட்டில் கன்னடம்தான், மளிகைச் சீட்டுகூடக் கன்னடம். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

இவர், மஞ்சுநாத், பஸ் ஓட்டியது போதும் என்று ரிடையர் ஆகிவிட்டார். இப்போது கொல்லையில் கத்தரிச் செடியோடு பேசிக்கொண்டிருக்கிறார். மகன் சரத் மைசூரில் வேலை பார்க்கிறான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மற்றபடி குறையில்லை. சுரங்கத்தில் போன அவர் போட்டோ எங்கள் சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அக்கா. ஆடி மாதம் அந்தத் தேதிக்கு நான் சொல்லாமலே இவர் போய் மாலை வாங்கி வருவார். மறந்துவிட்டுச் சுகமாக இருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் முழங்காலுக்கு விளக்கெண்ணெய் சூடு பண்ணித் தேயுங்கள்.

கல் விஷயம். உங்கள் வீட்டுக்காரர் பெயரைத் தாராளமாகப் போடுங்கள். என்னவர் பெயர் வேண்டாம். அந்தக் கேட்டில் வேண்டாம். அங்கே அவர் இல்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் அக்கா, காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அன்பை மறக்காத,
மாலா


சாம்பியன் ரீப்ஸ்,
22 ஜூன் 2024

மாலாவுக்கு,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன சுவரா? அங்கே இல்லையென்றால் எங்கே? மோட்சத்தில் என்று எங்கள் சாமியார் சொல்வார். நீ அதைச் சொல்லவில்லை, உன்னை எனக்குத் தெரியும்.

முதல் வருஷம் நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டுக்குப் போனோம். நீ சாமந்தி, நான் மெழுகுவத்தி. ரெண்டாம் வருஷம் உன்னைக் கூப்பிட வந்து கதவைத் தட்டினேன். நீ உள்ளேதான் இருந்தாய், வளையல் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. நான் தனியாகப் போனேன்.

அதற்கு முன்னாலேயே நீ மாறிப்போயிருந்தாய். ஒருநாள் குழாயடியில் நிரம்பிய குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாய். நான்தான் தூக்கிக்கொண்டு வந்து உன் வாசலில் வைத்தேன். மறுநாள் முதல் ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் நடந்து போய்த் தண்ணீர் சுமந்தாய். "இன்னா, நம்ம கொழாத் தண்ணி அந்தம்மாவுக்கு எறங்கலயாமே" என்று லைனில் ஒருத்தி விடாமல் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எனக்கும் கோபம்தான்.

அப்புறம் பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு போனாய். அதைத் தப்பென்று என்றைக்கும் சொல்லமாட்டேன். சின்ன வயசு, பிள்ளையும் இல்லை. உன்னவர் இருந்தால் அவரே சரி என்பார். ஆனால் ஒரே நாளில் தாலி இழந்தவர்கள் நாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

கல்லில் என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் போடச் சொல்கிறாய். அவர் பாறை குடைகிற மெஷின் பிடித்தால் உன்னவர்தான் பின்னால் நின்று தாங்குவார். கீழேயும் ஒன்றாக இருக்கிறவர்களை மேலே நான் எப்படிப் பிரிப்பேன்? காரணத்தைச் சொல். சொன்னால் விட்டுவிடுகிறேன்.

ஐடா


துமகூரு,
3 ஜூலை 2024

அன்புள்ள ஐடாக்கா,

சொல்லாமலே போய்விடலாம் என்றிருந்தேன். நீங்கள் கதவைத் தட்டினதை எழுதினீர்களே, அதற்குப் பிறகு முடியவில்லை.

என் அப்பா சர்வே ஆபீஸில் செயின் பிடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஷாஃப்ட் ஓர் இடத்தில் இருந்தாலும் உள்ளே லெவல் லெவலாகச் சுரங்கப் பாதை எங்கெங்கோ போகும், மேலே எந்தத் தெரு, கீழே எந்த லெவல் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். நான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன். கேட்டுக்குப் போய் வந்தால் ரெண்டு நாள் எழுந்திருக்கமாட்டேன். அதைப் பார்க்கமுடியாமல் அப்பா ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "இன்னாத்துக்குக் கண்ணு அந்த கேட்டாண்ட போயி அழுவுற? அவங்க அங்க இல்ல. அந்த லெவலு நம்ம லைனுக்குக் கீழதான் வருது. நீ தண்ணி புடிக்கிறியே கொழா, அதுக்கு நேர் அடியில இருக்காங்க ரெண்டு பேரும். உன்ன உட்டு எங்கயும் போவல."

ஆறுதலுக்குத்தான் சொன்னார் அக்கா. அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை என்று நினைத்துச் சொன்னார். மறுநாள் குழாயடிக்கு வந்தேன். குடம் நிரம்பியது. வழிந்த தண்ணீர் மண்ணில் இறங்கியது. எனக்கு அது அவர் முகத்தில் விழுகிற மாதிரி இருந்தது. ரெண்டு மைல் ஆழம் என்று எனக்கும் தெரியும். அறிவுக்குத் தெரிந்து என்ன பயன்? அங்கே நின்று பல் தேய்க்கிறோம், மீன் அலசுகிறோம், சண்டை போடுகிறோம், எல்லாம் அவர்கள் தலைமேல். குடத்தைப் போட்டுவிட்டு ஓடியது அதற்குத்தான்.

உங்களிடம் சொல்ல எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? சொன்னால் நீங்களும் அந்தக் குழாய்க்குப் போகமாட்டீர்கள். எனக்குப் போக இடம் வந்தது. உங்களுக்கு அந்த லைனை விட்டால் வேறு கதி இல்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியவர் நீங்கள். நீங்களாவது நிம்மதியாகக் குடியுங்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். கதவைத் திறந்திருந்தால் சொல்லியிருப்பேன், அதனால்தான் திறக்கவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். உங்களுக்கு நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று தெரியவில்லை.

மாலா


சாம்பியன் ரீப்ஸ்,
9 ஜூலை 2024

மாலா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் உன்மேல் ஆத்திரப்பட்டேன். பூட்டின கேட்டில் நின்று ஒரு துருச் சக்கரத்திடம் எத்தனை வருஷம் பேச விட்டுவிட்டாய்! என் அப்பா இறந்தது, உடம்பு சரியில்லாமல் கிடந்தது, கம்பெனியை மூடியது, எல்லாவற்றையும் அங்கே போய்த்தான் அவரிடம் சொன்னேன். அவர் இங்கே என் வாசலில் இருந்திருக்கிறார்.

நேற்று தண்ணீர் வருகிற நாள். நான் போகவில்லை. பக்கத்து வீட்டு அமலா என் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்தாள். நீ இருந்த வீட்டில் இப்போது அவள்தான் இருக்கிறாள். குடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குடிக்க மனம் வரவில்லை. அப்போதுதான் நீ பட்டது எனக்குப் புரிந்தது.

அந்த நாளை நினைத்துப் பார். பகல் ஷிஃப்ட். குழாயடியில் நாம் எல்லாரும் நிற்கிறோம். பூமி ஒரு குலுக்கு குலுக்கியது. வரிசையில் இருந்த குடமெல்லாம் உருண்டு ஓடியது. ஐயோ ராக் பர்ஸ்ட் என்று கத்திக்கொண்டு நாம் ரெண்டு பேரும் செருப்பில்லாமல் ஷாஃப்ட்டுக்கு ஓடினோமே! அவர்கள் காலடியில் இருக்க, அவர்களை விட்டுவிட்டல்லவா ஓடியிருக்கிறோம்.

இன்றைக்குக் காலையில் குழாயடிக்குப் போனேன். யாரும் இல்லை. அந்தச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து அழுதேன், வெளியே கேட்கிற மாதிரியே அழுதேன். அப்புறம் அவரிடம் கொஞ்சம் பேசினேன். கேட்டில் பேசுவதைவிட இங்கே சுலபமாக வந்தது. எழுந்து வீட்டுக்கு வந்து, அமலா வைத்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன். இறங்கிவிட்டது மாலா. இத்தனை நாள் அவருக்கு மேல் நின்று என் வயிற்றுக்குத் தண்ணீர் பிடித்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்கிற ஆளில்லை.

ஆத்திரம் போய்விட்டது. நீ செய்தது கெட்டதில்லை.

ஐடா


சாம்பியன் ரீப்ஸ்,
24 ஜூலை 2024

அன்புள்ள மாலாவுக்கு,

இங்கே ஒரு பெரிய போர் நடந்து முடிந்தது. உதயிடம் போய், கல் கேட்டில் வேண்டாம், எங்கள் குழாயடியில் நடு என்றேன். அவன் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. "இன்னாக்கா நீங்க, மெயின் ரோட்ல போறவங்க பாக்கறதுக்குத்தானே கல்லு. லைனுக்குள்ள வச்சா யார் பாப்பாங்க?" என்றான். நாங்கள் பார்ப்போம் என்றேன். ரோட்டில் வண்டியில் போகிறவன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவான், நாங்கள் வாரம் ரெண்டு தடவை பார்ப்போம் என்றேன். அங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டான். அன்றைக்கு உருண்ட குடத்தைச் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. கடைசியில், அப்படியென்றால் என் வீட்டுக்காரர் பெயரையும் எடுத்துவிடு, வெறுங்கல்லை நட்டுக்கொள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவனே லைனுக்கு வந்தான். அன்று தண்ணீர் நாள். அதற்குள் விஷயம் லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் குடங்களை நகர்த்தி, மேடைக்கு இடப்பக்கம் ஒரு கல் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கிழவி முதல் குமரி வரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். உதய் அதைப் பார்த்தான். அவனும் கழற்றினான். விட்டிருந்த இடத்தை முழம் போட்டு அளந்துகொண்டு போனான்.

எழுத்து விஷயத்தில் இன்னொரு சண்டை. வீர மரணம், தியாகம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொண்டுவந்தான். அதெல்லாம் வேண்டாம் என்றேன். "ஆஸ்டின், காத்தவராயன். காலையில் வேலைக்குப் போனவர்கள். இதன் கீழே இருக்கிறார்கள்." இவ்வளவுதான். யாருடைய மனைவி யார் என்று ஒரு எழுத்துகூட இருக்காது. உன் மனசில் அந்தச் சங்கடமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போதாவது அந்தப் பெயருக்குச் சம்மதம் சொல்கிறாயா? கல் கொத்துகிறவர் காத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
ஐடாக்கா


துமகூரு,
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஐடாக்கா,

உங்கள் கடிதத்தை இவருக்குக் கன்னடத்தில் வாசித்துக் காட்டினேன். செருப்பைக் கழற்றின இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பெயர் இருக்கட்டும் மாலா" என்றார்.

இருக்கட்டும் அக்கா. போடுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்லித்தான் போடுகிறீர்கள், எனக்கு வேறு குறை இல்லை.

ஆனால் பத்தாம் தேதிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். உங்களால் அங்கே உட்கார முடிந்தது. தண்ணீரும் குடித்தீர்கள். நீங்கள் எப்போதுமே என்னைவிடத் தைரியம். நான் அந்த மண்ணில் கால் வைப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கூட்டத்துக்கு நடுவில் அன்றைக்கு ஓடின மாதிரி மறுபடி ஓடிவிட்டால் அவருக்கும் அவமானம், உங்களுக்கும் அவமானம். எனக்காகவும் ஒரு வத்தி ஏற்றுங்கள். சாமந்தி கிடைத்தால் வையுங்கள்.

உங்களிடம் சொல்லாமல் போனதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்களும் அதை என்னிடம் எதிர்பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள்,
மாலா


சாம்பியன் ரீப்ஸ்,
18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

என் மாலாவுக்கு,

பத்தாம் தேதி நல்லபடியாக நடந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் அதிகமில்லை, லைன் ஆட்களும் உதயின் சிநேகிதர்களும்தான். சாமியார் ஜெபம் சொன்னார். உங்கள் கோவில் பூசாரி தேங்காய் உடைத்தார். உதய் மைக் கொண்டுவந்தான், கரண்ட் போய்விட்டது, கடவுள் இருக்கிறார். நான் ரெண்டு வத்தி ஏற்றினேன். சாமந்தியும் வைத்தேன். நீ நிற்க வேண்டிய இடத்தில் நீ இல்லையே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காலையில் தண்ணீர் வரும் என்றார்கள். சர்ச்சில் பூசைக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்போல என் பித்தளைக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனேன். பெயர் வெட்டின பழைய குடம்தான், உனக்குத் தெரியும். பூசை முடிந்து முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தால், குடம் வாசலில் இருக்கிறது. கழுத்து வரை தண்ணீர். மேலே வேப்பிலைக் கொத்து மிதக்கிறது.

அமலாவைக் கூப்பிட்டு, நீ நிரப்பினாயா என்று கேட்டேன். "நான் இல்லக்கா. உங்கள மாதிரி ஒரு அம்மா வந்தாங்க, கூட ஒரு கன்னடக்கார ஐயா. கல்லுகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. செருப்ப அந்தாண்டையே கழட்டிட்டுத்தான் வந்தாங்க. கொழாயில தண்ணி வந்துச்சு. உங்க குடத்தப் பாத்துட்டு, இது ஐடாக்காவுதுதானேன்னு கேட்டு அவங்களே புடிச்சாங்க. அந்த ஐயா தூக்க வந்தாரு, வேணான்ட்டாங்க. இடுப்புல வச்சு அவங்களே கொண்டாந்து வச்சாங்க. இருங்க, அக்கா வந்துடுவாங்கன்னு சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டாங்க" என்றாள்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அமலா பயந்துபோய் நெஞ்சு வலியா என்று கேட்டாள். இல்லையடி, என் தங்கச்சி வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றேன்.

அப்புறம் குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன். உன்னவர் பெயரில் ஒரு முழம் சாமந்தி. என்னவர் பெயரில் ஒரு மெழுகுவத்தி, காற்றில் அணைந்து பாதியில் நின்றிருந்தது. அதை மறுபடி ஏற்றிவிட்டு வந்தேன்.

பூசை எட்டரைக்கெல்லாம் முடிந்துவிடும், மாலா. அடுத்த தடவை பஸ்ஸுக்கு அவசரப்படாமல் உட்கார்ந்திரு. சாவியை அமலாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன். உன் வீட்டுக்காரருக்கு நம் ஊர்க் காபி பிடிக்குமா என்று தெரியவில்லை, அவரிடம் கேட்டு எழுது.

அந்த வேப்பிலையை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, உன் தண்ணீரில்தான் இன்றைக்கு உலை வைத்திருக்கிறேன். கொதிக்கிற சத்தம் கேட்கிறது, போய் அரிசி போட வேண்டும்.

அன்புடன்,
ஐடாக்கா